கண் திறக்கும் முன்பே தயாராகும் மூளை

பெருமூளையைப் போர்த்தியிருக்கும் கார்டெக்ஸ் என்னும் புறணியின் தடிமன் 2 முதல் 4 மில்லிமீட்டர்தான். அதற்குள் ஏறத்தாழ 1,600 கோடி நியூரான்கள், அதாவது நரம்புச் செல்கள், பெரும்பாலும் ஆறு அடுக்குகளாக அமைந்திருக்கின்றன. நம்மிடம் உள்ள மரபணுக்களோ சுமார் 20,000. ஒவ்வொரு நியூரானின் இடத்தையும் இணைப்பையும் அவற்றில் எழுதிவைக்க முடியாது. கார்டெக்ஸ் தன்னைத்தானே கட்டிக்கொள்கிறது.

அடுக்குகள் உருவாகும் விதமே வியப்பானது. 1961இல் ஆஞ்சவைன், சிட்மன் என்ற ஆய்வாளர்கள் கருவுற்ற எலிகளுக்கு, டிஎன்ஏவின் கட்டுமானப் பொருளான தைமிடினைக் கதிரியக்கம் கொண்ட வடிவில் செலுத்தினார்கள். அந்தச் சமயத்தில் பிறந்த செல்களில் மட்டும் அதன் தடம் நிலைத்தது. முதலில் பிறந்தவை ஆழத்திலும், பின்னால் பிறந்தவை மேலேயும் இருந்தன. அதாவது, இளைய நியூரான் ஒவ்வொன்றும் தனக்கு மூத்தவற்றைக் கடந்து மேலே போகிறது. மூளையின் உட்சுவரிலிருந்து மேற்பரப்புவரை நீளும் கிளையா என்னும் துணைச் செல்களின் இழைகளைப் பற்றிக்கொண்டு, தென்னை ஏறுபவரைப் போல, அது ஏறுவதை நரம்பியலாளர் பாஸ்கோ ராகிச் குரங்குக் கருக்களில் காட்டினார். அந்தக் கிளையா செல்கள்தாம் நியூரான்களைப் பெற்றெடுக்கும் தாய்ச் செல்களும் என்பது 2000ஆம் ஆண்டை ஒட்டித்தான் தெளிவானது.

ஏறும் செல்கள் ஒழுங்காக அடுக்கில் அமர, மேற்பரப்பை ஒட்டிய செல்கள் சுரக்கும் ரீலின் என்ற புரதம் தேவை. அது இல்லாமல் பிறக்கும் எலி தள்ளாடித் தள்ளாடி நடக்கும். அதன் கார்டெக்ஸின் அடுக்குகள் ஏறத்தாழத் தலைகீழாக இருக்கும். ஆனாலும், இடம் மாறிய நியூரான்களில் பல தமக்குரிய இணைப்புகளைத் தேடிப் பிடித்துவிடுகின்றன. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த செய்தி இதுதான். முகவரி தவறினாலும் உறவு தவறவில்லை.

அடுக்குகள் அமைந்த பிறகு இணைப்புகள் கூர்மையாக வேண்டும். அதற்கு வெளியுலக அனுபவம் வரும்வரை மூளை காத்திருப்பதில்லை. எலிக்குஞ்சின் கண் பிறந்து இரண்டு வாரங்கள் ஆகும்போதுதான் திறக்கிறது. அதற்கு முன்பே, ஒளி எதுவும் இல்லாமல், விழித்திரையில் மின்துடிப்பு அலைகள் தாமாகவே எழுந்து பரவுகின்றன. அடுத்தடுத்துள்ள செல்கள் ஒன்றாகத் துடிப்பதால், 'இவை பக்கத்துப் பக்கத்து இடங்கள்' என்ற செய்தி மூளைக்குக் கிடைக்கிறது. மரபணு மாற்றத்தால் இந்த அலைகள் குலைந்த எலிகளில், மூளையில் பார்வைப் புலத்தின் வரைபடம் மங்கலாகவே அமைகிறது.

வரும் செய்தி கார்டெக்ஸை எவ்வளவு தூரம் வடிவமைக்கும்? அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வு நிறுவனத்தில் மிருகங்க சூர் குழுவினர், கீரியைப் போன்ற சிறு விலங்கான ஃபெரெட்டின் பிறந்த குட்டிகளில், விழித்திரையின் நரம்புகளைச் செவிப்புலனுக்குரிய பாதைக்குத் திருப்பினார்கள். ஒலியைக் கையாள வேண்டிய கார்டெக்ஸ் பகுதியில், கோடுகளின் சாய்வை அறியும் நியூரான்கள் தோன்றின. அந்த வழியாக வந்த ஒளியை விலங்குகள் ஒளியாகவே உணர்ந்தன. ஆனால் இயல்பான பார்வைக் கார்டெக்ஸின் நேர்த்தி அதில் முழுமையாக வரவில்லை. மரபணுக்கள் முன்கூட்டியே இட்ட கோட்டைச் செய்தி முற்றிலும் அழித்துவிடுவதில்லை.

இந்த நெகிழ்வுக்குக் காலக்கெடு உண்டு. நரம்பியலாளர்கள் டேவிட் ஹியூபலும் டார்ஸ்டன் வீசலும் 1960களில் பூனைக்குட்டியின் ஒரு கண்ணை மூடிவைத்தபோது, அந்தக் கண்ணுக்குரிய கார்டெக்ஸ் பகுதியை மற்றக் கண் எடுத்துக்கொண்டது. வளர்ந்த பூனையில் அப்படி நடக்கவில்லை. 1981இல் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பார்வையை மறைக்கும் கண்புரையோடு பிறக்கும் குழந்தைக்கு 'கொஞ்சம் வளரட்டும்' என்று காத்திருக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். முதல் இரண்டு மாதங்களுக்குள் அறுவை சிகிச்சை செய்தால் பார்வை நன்றாக வளர வாய்ப்பு அதிகம். ஆண்டுகள் கடந்து லென்ஸைச் சரிசெய்தால், கண் தெளிந்துவிடும். ஆனால் கார்டெக்ஸில் கூர்மையான பார்வைக்குரிய இணைப்புகள் முழுமையாக அமைவது கடினம்.