கப்பி குட்டி போட்டுக்கொண்டே இருக்கிறதா? வாய்க்காலில் விட்டுவிடாதீர்கள்

பாளையங்கோட்டை வட்டாரத்தில் வீடுகளுக்கு மீன் தொட்டி வைத்துக் கொடுப்பதும் பராமரிப்பதும் என் தொழில். தொட்டி வைத்து இரண்டு மூன்று மாதம் கழித்து வரும் போன் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "அண்ணாச்சி, மீன் ஒண்ணும் சாகலை. ஆனா தொட்டி நெறைஞ்சு போச்சு." கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வார்ட்டெயில், இந்த நான்கில் ஒன்றாக இருக்கும். அடுத்த கேள்வியும் எனக்குத் தெரியும். "கொஞ்சத்தை வாய்க்கால்ல விட்டுரலாமா?"

விடக்கூடாது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் தொட்டி ஏன் நிறைகிறது என்று பார்ப்போம்.

இந்த நான்கும் முட்டையிடுவதில்லை. முட்டை வயிற்றுக்குள்ளேயே பொரிந்து, நீந்தத் தெரிந்த குட்டியாக வெளியே வரும். ஈற்றுக்கு ஈற்று நான்கு வாரம் ஆகும் என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வார்கள். அது அவர்கள் ஊர்க் கணக்கு. சித்திரை வெயிலில் நம் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். சூடு கூடக்கூட சினைக்காலம் சுருங்கும், மூன்று வாரத்திலேயே அடுத்த ஈற்று வந்துவிடும். கப்பி ஒரு ஈற்றில் 20 முதல் 50 குட்டி வரை போடும், பெரிய தாய் இன்னும் கூடவே போடும். அந்தக் குட்டிகளும் இரண்டு மூன்று மாதத்தில் தாயாகிவிடும். முதல் ஈற்றில் 15 பெண் பிழைத்தது, ஒவ்வொன்றும் 30 போட்டது என்று வையுங்கள். 450 குட்டி! இரண்டடித் தொட்டி தாங்குவதோ பதினைந்து இருபது மீன்.

"ஆண் மீனை எடுத்து மாசக்கணக்காச்சு, இன்னும் குட்டி போடுதே" என்று சிலர் குழம்புகிறார்கள். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஒருமுறை ஆணோடு சேர்ந்த பெண் மீன் விந்தணுவை உடம்பிலேயே சேமித்து வைத்துக்கொண்டு, அதைக் கொண்டே பல மாதம் அடுத்தடுத்து ஈனும். கடைத் தொட்டியில் ஆணும் பெண்ணும் கலந்துதான் கிடக்கும். அங்கிருந்து வாங்கிவரும் பெண் மீன் அநேகமாகச் சினையோடுதான் உங்கள் வீட்டுக்கு வருகிறது.

அதனால் நான் சொல்வது இதுதான்: ஆண் மீன் மட்டும் வாங்குங்கள். கப்பியில் வாலை விசிறியாக விரித்து, நிறம் நிறமாக ஆடுவது ஆண்தான். பெண் பெருத்து, நிறம் மங்கி இருக்கும். அழகுக்காக வைப்பவர்களுக்கு ஆணே போதும். "ஜோடியாத்தான் தருவோம்" என்று கடைக்காரர் அடம்பிடித்தால் வேறு கடை பாருங்கள். மோலியும் பிளாட்டியும் நிறத்தில் ஆண் பெண் ஒன்றுபோலவே இருக்கும். அவற்றுக்கு அடித்துடுப்பைத்தான் பார்க்க வேண்டும்.

கண்ணாடித் தம்ளரில் ஒரு மீனை விட்டு, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். வயிற்றுக்குப் பின்னால், வாலுக்கு முன்னால் கீழ்ப்பக்கமாக ஒரு துடுப்பு இருக்கும். பெண்ணுக்கு அது முக்கோணமாக விரிந்திருக்கும். ஆணுக்கு ஒடுங்கி, குச்சி மாதிரி பின்னோக்கிப் படிந்திருக்கும். பெண் கப்பி என்றால் அந்த இடத்துக்கு மேலே ஒரு கரும்பொட்டும் தெரியும். ஈனும் நாள் நெருங்கும்போது பொட்டு பெரிதாகி, வயிறு பெட்டிபோலச் சதுரமாகிவிடும். வெளிர் நிற மீனாக இருந்தால் தோலுக்கடியில் குட்டிகளின் கண்கள் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிவதைக்கூடப் பார்க்கலாம். குட்டிகளுக்கு நான்காவது வாரத்திலிருந்தே இந்தச் சோதனையைத் தொடங்கி, ஆணையும் பெண்ணையும் வேறு வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். தள்ளிப்போட்டால் அண்ணன் தங்கைக்குள்ளேயே சேர்க்கை நடந்து, தலைமுறை போகப்போக மீன் நலிந்துவிடும்.

பெரிய மீன் குட்டியைத் தின்கிறதே, பாவம் இல்லையா என்று கேட்பார்கள். என் கணக்கில் அது வீட்டுக்காரருக்கு மீன் செய்யும் உதவி. தின்னட்டும், விட்டுவிடுங்கள். பத்துக் குட்டி பிழைத்தால் போதும் என்பவர்கள் ஒரு மூலையில் பாசியை அடர்த்தியாகப் போட்டால் போதும், தப்புவது தப்பும். சினை மீனைச் சின்ன பிளாஸ்டிக் கூண்டில் அடைப்பது எனக்குப் பிடிக்காது. நெருக்கடியில் தாய் மிரண்டு, குறைப்பிரசவம் ஆகிவிடுவதுண்டு. குளத்து வேலம்பாசியை அப்படியே கொண்டுவந்து போடுபவர்கள் இளஞ்சிவப்பாகக் கரைத்த பொட்டாசியம் பர்மாங்கனேட்டில் கொஞ்ச நேரம் வைத்து, அலசி, இலை இலையாகப் பார்த்த பிறகு போடுங்கள். அதில் ஒட்டிவரும் தட்டான்பூச்சிப் புழு ஒவ்வொரு குட்டியாகப் பிடித்துத் தின்னும்.

வளர்க்கிற குட்டிக்கு, பெரிய மீனுக்குப் போடும் தீவனத்தையே விரலில் பொடித்து, ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை சிட்டிகையளவு தூவினால் போதும். அவித்த முட்டை மஞ்சள் கரு கொடுக்கலாம், ஆனால் கொஞ்சம் கூடினாலும் தண்ணீர் நாறிவிடும். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரென்றால் ஒரு நாள் திறந்து வைத்தோ, குளோரின் நீக்கும் மருந்து விட்டோ ஊற்றுங்கள். போர் தண்ணீர் கடினமாக இருக்கிறதே என்று கவலை வேண்டாம், இந்த நான்கு மீனுக்கும் அதுதான் பிடிக்கும்.

சரி, வாய்க்கால் விஷயம். பாளையங்கால்வாயும் நெல்லைக் கால்வாயும் தாமிரபரணி அணைக்கட்டுகளிலிருந்து பிரிந்து குளம் குளமாக நிரப்பிக்கொண்டு போகின்றன. ஒரு பாலத்தடியில் நீங்கள் விடும் மீன் அங்கேயே நிற்காது. கப்பி சாக்கடையிலும் பிழைக்கும். நம் ஊர் மீன்களின் முட்டையையும் சிறு குஞ்சையும் தின்னும், இரைக்குப் போட்டி போடும், தொட்டி நோயையும் கொண்டுபோகும். இந்த ஆற்றின் பெயரையே தாங்கிய கெண்டை ஒன்று இருக்கிறது. 1954-இல் சைலஸ் என்ற ஆய்வாளர் உலகுக்கு அறிவித்தது. அதன் அறிவியல் பெயர் 'டாவ்கின்சியா தாம்பிரபர்ணியை'. இந்த ஆற்றில் வாழும் அதைப் போன்ற மீன்களின் இடத்தில்தான் உங்கள் கப்பியை விடுகிறீர்கள்.

"சுகாதாரத்துறையே கொசுவுக்கு மீன் விடுதே?" என்பார்கள். உண்மைதான். அவர்கள் விடுவது பெரும்பாலும் கம்பூசியா, 1928-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. கப்பியும் விடுவதுண்டு. 2012-இல் டெங்கு இந்த மாவட்டத்தை ஆட்டிப்படைத்தது யாருக்கும் மறந்திருக்காது, அந்தப் பயம் நியாயமானது. ஆனால் உங்கள் வீட்டுச் சிமெண்ட் தொட்டியிலோ உறைகிணற்றிலோ நாலு மீன் விடுவது வேறு. ஓடும் தண்ணீரில் விடுவது வேறு. "சாக்கடையில் ஏற்கெனவே கப்பி கிடக்குதே" என்று சொல்லும்போது, அது அங்கே எப்படி வந்தது என்று யோசியுங்கள்.

கூடுதலான மீனை என்ன செய்வது? ஒரு மாதக் குட்டியைச் சில கடைகள் வாங்கிக்கொள்ளும், காசு எதிர்பார்க்காதீர்கள். அக்கம்பக்கத்தில் கொடுத்தால் ஆணாகப் பார்த்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் தலைவலி அவர்கள் வீட்டுக்குப் போகும். ஆஸ்கர் மாதிரி பெரிய மீன் வளர்ப்பவர்கள் இரைக்குக் கேட்டாலும் கொடுக்கலாம். முதுகு வளைந்து மெலிந்த மீனை மட்டும் யாருக்கும் தரவேண்டாம். அது பிறவிக் கோளாறாகவும் இருக்கலாம், மீன் காசநோயாகவும் இருக்கலாம். அந்தக் கிருமி கையில் உள்ள காயம் வழியாக மனிதருக்கும் தொற்றும். காயத்தோடு தொட்டிக்குள் கை விடாதீர்கள். பிழைக்காத மீனைக் கழிப்பறையில் ஊற்றுவதும் வெயிலில் போடுவதும் கொடுமை. கிராம்பு எண்ணெய் சில சொட்டை ஒரு பாட்டில் தொட்டித் தண்ணீரில் நன்றாகக் குலுக்கி, மீன் இருக்கும் பாத்திரத்தில் மெல்ல ஊற்றினால் மயங்கிச் சாயும். அப்புறம் இன்னும் கொஞ்சம் ஊற்றி, செவுள் அசைவு நின்ற பிறகும் பத்து நிமிடமாவது விட்டுவைத்து, செடித் தொட்டியில் புதைத்துவிடலாம்.

தொட்டி கழுவும் நாளில் இன்னொன்றையும் கவனியுங்கள். பிறந்த குட்டி சாதா வலைக்கண்ணில் நழுவிவிடும். வாளித் தண்ணீரைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, வாழைக்கோ மல்லிகைக்கோ ஊற்றுங்கள். தெருச் சாக்கடையில் கொட்ட வேண்டாம்.