சக்குலண்ட் செடிக்குப் பெயர் எழுதுமுன்

கும்பகோணம், மாயவரம் பக்கம் நர்சரிகளில் இப்போது சக்குலண்ட், அதாவது சதையில் நீரைச் சேர்த்துவைக்கும் செடிகளின் தொட்டிகள் நிறையவே கிடைக்கின்றன. முள் இருந்தால் கேக்டஸ், இலை அடுக்கடுக்காக இருந்தால் சக்குலண்ட், விற்பவர் சொல்வது பெரும்பாலும் அவ்வளவுதான். வீட்டுக்குக் கொண்டுவந்து மாடியில் வைத்தபிறகு நாமே இணையத்தில் தேடி, ஏதோ ஒரு படத்தோடு ஒத்துப்போகிறதே என்று பெயர்ப் பட்டையில் எழுதித் தொட்டியில் செருகிவிடுகிறோம், அப்புறம் பிரித்துக் கொடுக்கும் ஒவ்வொரு கன்றோடும் அந்தப் பெயரும் ஊர் ஊராகப் போகிறது. தப்பான பெயரைவிடப் பெயரில்லாத செடியே மேல் என்பேன். பெயர் இல்லையென்றால் யாராவது தேடிப் பார்ப்பார்கள், தப்பாக ஒன்று இருந்துவிட்டால் யாரும் தேட மாட்டார்கள்.

நமக்குத் தெரிந்த செடியிலிருந்தே தொடங்கலாம். வேலியோரம் நிற்கும் சதுரக்கள்ளிக்கும் மேட்டு நிலத்தில் படரும் சப்பாத்திக்கள்ளிக்கும் உறவே கிடையாது. சதுரக்கள்ளி யூஃபோர்பியா, ஆமணக்குக் குடும்பம். சப்பாத்திக்கள்ளி அமெரிக்காவிலிருந்து வந்த அசல் கேக்டஸ். கேக்டஸ் குடும்பமே அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியதுதான், ரிப்சாலிஸ் பாக்சிஃபெரா என்ற ஒன்று மட்டும் ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இயற்கையாக வளர்கிறது. தண்ணீர்ப் பஞ்சம் இரண்டு குடும்பங்களையும் தனித்தனியே ஒரே வழியில் தள்ளியிருக்கிறது: தண்டு பருத்து நீரைச் சேர்க்கும், இலை குறையும், முள் வரும். அதனால் தூரத்திலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. முள்ளின் அடியைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். கேக்டஸ் என்றால் அங்கே பஞ்சு வைத்ததுபோல ஒரு சிறு மேடு இருக்கும், அதற்கு ஏரியோல் என்று பெயர், முட்களெல்லாம் கொத்தாக அதிலிருந்துதான் கிளம்பும். யூஃபோர்பியாவில் அந்தப் பஞ்சு மேடு கிடையாது, சதுரக்கள்ளியில் பார்த்தால் முள் இரண்டிரண்டாக நிற்கும். பால் வடிந்தால் யூஃபோர்பியா என்று பலரும் சொல்வார்கள், யூஃபோர்பியாவில் பால் உண்டு என்பது சரிதான், ஆனால் மாமில்லேரியா கேக்டஸ் சிலவற்றிலும் பால் வரும். எனவே பஞ்சு மேட்டைத்தான் நம்ப வேண்டும். யூஃபோர்பியாவின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, கீறிப் பார்க்கும் பழக்கமே வேண்டாம்.

இந்தப் பெயர்க் குழப்பம் நம் நாட்டில் பெரிய அளவிலேயே நடந்திருக்கிறது. 1795-இல் சிவப்புச் சாயம் எடுப்பதற்காக பிரேசிலிலிருந்து ஒரு பூச்சியைக் கொண்டுவந்தார்கள். நல்ல சாயம் தரும் டாக்டைலோபியஸ் காக்கஸ் என்று நினைத்தார்கள், வந்ததோ அதன் உறவான டாக்டைலோபியஸ் சிலோனிகஸ். சாயம் தேறவில்லை, பூச்சி ஒபுன்ஷியா மோனகாந்தா என்ற சப்பாத்திக்கள்ளியைத் தின்று அழித்தது. தெற்கே பரவியிருந்த இன்னொரு சிற்றினத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை, அதற்கு 1926-இல் இலங்கையிலிருந்து டாக்டைலோபியஸ் ஒபுன்ஷியே வர வேண்டியிருந்தது. எந்தக் கள்ளி, எந்தப் பூச்சி என்ற இரண்டு பெயரும் சரியாக இருந்தால்தான் வேலை நடக்கும்.

நம் தொட்டிக்கு வருவோம். வெள்ளைக் கோடு போட்ட ஜீப்ரா செடி பெரும்பாலும் ஃபாஸியாட்டா என்ற பெயரில் விற்பனையாகிறது, கிடைப்பதோ அநேகமாக அட்டெனுவாட்டா. இலையின் உள்பக்கத்தை, அதாவது செடியின் நடுவைப் பார்க்கும் பக்கத்தை, விரலால் தடவுங்கள். வழுவழுவென்று இருந்தால் ஃபாஸியாட்டா, வெளிப்பக்கத்தைப் போலவே அங்கேயும் பொடிப்பொடியாக வெள்ளை மொட்டுகள் தட்டுப்பட்டால் அட்டெனுவாட்டா. இரண்டுமே ஹவோர்த்தியா பேரினத்தில் இருந்தவை, 2013-இல் ஹவோர்த்தியாப்சிஸ் என்று பிரித்துவிட்டார்கள். பாம்புச் செடி என்று விற்கும் சான்சிவேரியாவும் இப்போது டிரசீனாவுக்குள் போய்விட்டது. பட்டையில் புதுப் பெயரை எழுதி அடியில் பழையதையும் எழுதி வையுங்கள், பழைய புத்தகங்களில் தேட உதவும்.

நிறத்தை நம்பி மட்டும் பெயர் வைக்காதீர்கள். எச்செவேரியா பெரும்பாலும் மெக்சிகோவின் மலைப்பகுதிச் செடி, நல்ல வெயிலும் குளிர்ந்த இரவும் சேர்ந்தால்தான் அதன் விளிம்பில் சிவப்பு ஏறும். நம் டெல்டாவில் மாசியைத் தாண்டினால் ராத்திரியும் புழுங்குகிறது, ஊட்டியில் எடுத்த படத்தில் செக்கச்செவேல் என்று இருந்த செடி இங்கே வெறும் பச்சையாக நிற்கும், வெளிச்சம் போதாவிட்டால் இலை விலகி நெட்டையாக வளர்ந்து வேறு செடி மாதிரியே ஆகிவிடும். பூதான் உறுதியான சாட்சி: எச்செவேரியாவின் பூ குடுவை போலக் குவிந்திருக்கும், அதைப் போலவே இலை அடுக்கிய கிராப்டோபெட்டலத்தின் பூ நட்சத்திரமாக விரியும். இரண்டையும் கலந்த கிராப்டோவேரியாவும் சந்தையில் ஏராளம், அதனால் பூக்கும்வரை பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதில் தப்பே இல்லை. சிவப்பு உருண்டையைப் பச்சைத் தண்டின்மேல் ஒட்டி விற்கிறார்களே, அது இரண்டு செடி. மேலே பச்சையமே இல்லாத ஜிம்னோகாலிசியம், கீழே அதற்குச் சோறு போடும் தண்டு, பெரும்பாலும் டிராகன் பழ வகை. பட்டையில் இரண்டையும் எழுத வேண்டும்.

சரி, எதில் எழுதுவது? மார்க்கர் பேனா வேண்டாம். அதன் சாயத்தை வெயிலின் புற ஊதாக் கதிர் உடைத்துவிடும், இங்கே அடிக்கிற கோடைக்கு எழுத்து வெளிறிப் போய்விடும். பென்சில் கிராஃபைட், வெறும் கார்பன், வெயில் அதை ஒன்றும் செய்யாது. பிளாஸ்டிக் பட்டையின் மேல்பரப்பை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு எழுதினால் பென்சில் நன்றாகப் பிடிக்கும். பிளாஸ்டிக்கும் வெயிலில் நொறுங்கும் என்பதால், அரிய செடிகளுக்கு மெல்லிய அலுமினியத் தகட்டில் மை தீர்ந்த பேனாவால் அழுத்தி எழுதுவதே எனக்குப் பிடித்த வழி. எழுத்து பள்ளமாகவே பதிந்துவிடும், அழிய மை கிடையாது.

பெயரைவிட முக்கியம் எண். தாவரவியல் தோட்டங்களில் ஒவ்வொரு செடிக்கும் வரவு எண் கொடுப்பதும் இதற்காகத்தான்: பெயர் மாறலாம், எண் மாறாது. 2025-07 என்றால் அந்த வருஷம் வந்த ஏழாவது செடி. யாரிடம் வாங்கியது, என்ன பெயர் சொல்லிக் கொடுத்தார், நாம் எதைப் பார்த்து எந்தப் பெயருக்கு வந்தோம் என்பதெல்லாம் நோட்டில். ஐப்பசி மழைக்குத் தொட்டிகளையெல்லாம் அவசர அவசரமாகத் தாழ்வாரத்துக்கு மாற்றும்போதுதான் பட்டைகள் இடம் மாறுகின்றன, அதனால் எண்ணை மட்டும் எழுதிய இன்னொரு துண்டை மண்ணுக்குள்ளேயே புதைத்துவிடுங்கள், தொட்டியின் அடியிலும் எழுதுங்கள். இரண்டு பட்டை எந்தத் தொட்டிக்கு என்று சந்தேகம் வந்துவிட்டால் ஊகித்துச் செருகாதீர்கள், புதைத்த துண்டைத் தோண்டிப் பாருங்கள். அதுவும் கிடைக்கவில்லையா, பேரினத்தை மட்டும் எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, பூ வரும்வரை விட்டுவிடுங்கள்.