உப்புக்காற்றில் ஓர் ஆர்கேட் ஸ்டிக்: எந்தப் பாகத்தை எதற்காக மாற்றுவது?

மலிவான ஆர்கேட் ஸ்டிக்கில் (லீவரும் பட்டன்களும் பூட்டிய கேம் கட்டுப்பாட்டுப் பெட்டி) சண்டை கேம் விளையாடுபவர்கள் ஒரு கட்டத்தில் சொல்லும் முறைப்பாடு ஒன்றுதான்: "நான் சரியாத்தான் அடிச்சனான், அது எடுக்கேல்ல." உடனே முழு ஸ்டிக்கையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கத் தோன்றும். அது தேவையில்லை. கை அசைவதற்கும் திரையில் ஆள் அசைவதற்கும் இடையில் சில இடங்கள் இருக்கின்றன. அசைவு எந்த இடத்தில் தொலைந்துபோகிறது என்று கண்டுபிடித்தால், அந்தப் பாகத்தை மட்டும் மாற்றினால் போதும். திருகோணமலை போன்ற கடலோர ஊரில் அந்த இடம் பெரும்பாலும் உலோகத்தின்மேல் கண்ணுக்கே தெரியாமல் படியும் ஓர் அரிப்புப் படலமாக இருக்கும். அதைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஆனால் அதற்கு முதலில் பெட்டியைத் திறக்க வேண்டும்.

இடப்பக்கம் ஒரு லீவர், வலப்பக்கம் ஆறு அல்லது எட்டு பட்டன். 1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 மூன்று குத்து, மூன்று உதை என்று ஆறு பட்டன்களைப் பழக்கமாக்கிவிட்டது. மாற்றுப் பாகங்கள் என்றதும் முதலில் வரும் பெயர் ஜப்பானின் சன்வா. அவர்களுடைய ஜேஎல்எஃப் லீவரும் ஓபிஎஸ்எஃப்-30 பட்டனும் கிட்டத்தட்ட அளவுகோல் மாதிரி ஆகிவிட்டன. இன்னொரு ஜப்பானிய நிறுவனமான செய்மிட்சுவின் எல்எஸ்-32 லீவரை, அதன் கொஞ்சம் இறுக்கமான பிடிக்காகவே விரும்புகிறவர்கள் உண்டு. பெரிய பட்டனுக்கு 30 மில்லிமீற்றர் துளை, ஸ்டார்ட் போன்ற சின்னப் பட்டன்களுக்கு 24 மில்லிமீற்றர். இந்த அளவுகளைப் பலரும் பின்பற்றுவதால்தான் ஒரு நிறுவனத்தின் பெட்டிக்குள் இன்னொரு நிறுவனத்தின் பாகம் பேசாமல் உட்காருகிறது. ஓடர் பண்ணுவதற்கு முன் ஓர் அடிமட்டத்தால் துளையை அளந்துகொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து பொதி வந்து சேர்ந்த பிறகு அளவு பிழை என்று தெரிவது பெரிய வேதனை.

லீவரின் அடியில் நான்கு மைக்ரோ சுவிட்ச்சுகள் இருக்கும், திசைக்கு ஒன்று. அமெரிக்காவின் ஃப்ரீபோர்ட் நகரில் 1932இல் பிறந்த கண்டுபிடிப்பு இது. உள்ளே வளைத்து இறுக்கிவைத்த ஒரு மெல்லிய உலோகத் தகடு. பிஸ்கட் டின் மூடியின் நடுவை அழுத்தினால் ஓர் எல்லைவரை பொறுத்திருந்து திடீரென்று 'டக்' என்று உட்புறம் குழியுமே, அதேதான் இங்கும் நடக்கிறது. நீங்கள் எவ்வளவு மெதுவாக அழுத்தினாலும் தொடுமுனை ஒரே வேகத்தில் பாய்ந்து ஒட்டும். விடும்போதும் அப்படித்தான், ஆனால் ஒட்டிய அதே புள்ளியில் விடாது, கொஞ்சம் பின்னால் வந்துதான் விடும். இந்த இடைவெளி இல்லாவிட்டால் எல்லையில் நிற்கும் விரலின் சின்ன நடுக்கம்கூட பத்து அழுத்தங்களாகப் பதிவாகும்.

சரி, லீவருக்கு வருவோம். இங்கே இரண்டு தூரங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நடுவிலிருந்து நகர்த்தும்போது சுவிட்ச் பிடிக்கும் தூரம் ஒன்று, லீவர் எல்லையில் மோதி நிற்கும் தூரம் மற்றது. எல்லையைத் தீர்மானிப்பது அடியில் பூட்டியிருக்கும் கேற். சாதாரணமாக அது சதுரம், மூலைவிட்டத் திசைகள் நான்கும் சதுரத்தின் மூலைகளில் விழும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. சுவிட்ச் பிடிக்கும் தூரம், எல்லைத் தூரத்தில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். சதுர எல்லையை ஒட்டியே லீவரைச் சுற்றினால், வலம் என்ற நேர்த்திசைக்கு ஏறத்தாழ 53 பாகை கிடைக்கும், பக்கத்து மூலைவிட்டத்துக்கு 37 பாகை. பிடிக்கும் தூரத்தை எல்லைத் தூரத்தின் பத்தில் மூன்று பங்காகக் குறைத்தால் நேர்த்திசை 33 பாகையாகச் சுருங்கி, மூலைவிட்டம் 57 பாகையாக விரியும். லீவர் தண்டின் அடியிலுள்ள வெண்ணிறப் பிளாஸ்ரிக் உருளைக்குப் பதிலாகப் பருத்த உருளை ஒன்றைப் போடுவது செய்யும் வேலை இதுதான். லீவர் கூர்மையாகிவிட்டது என்று எல்லாரும் சந்தோஷப்படுவார்கள். உண்மையில் பிடிப்பது சீக்கிரமாகியிருக்கிறது, கூடவே நேர்த்திசை ஒடுங்கியும் இருக்கிறது. முன்னால் நடக்க நினைத்தவர், லீவர் மேல் மூலைவிட்டத்தில் பட்டுத் தெரியாமல் குதித்துவிடுவது இதனால்தான். குதித்துக் குதித்து அடிவாங்குகிறவருக்கு இன்னும் பெரிய உருளை மருந்தாகாது. அவருக்கு வேண்டியது பழைய உருளையும் கொஞ்சம் கடினமான ஸ்பிரிங்கும். கடின ஸ்பிரிங் பிடிக்கும் தூரத்தைத் தொடாது, கையை விட்டதும் லீவர் நடுவுக்கு விரைவாகத் திரும்பும், அவ்வளவுதான். எண்கோணக் கேற் எட்டுத் திசைக்கும் ஒரு பள்ளம் தரும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அது ஆறுதல் என்றாலும், சதுரத்தின் மூலையில் லீவரைச் செருகி நிறுத்தும் உறுதி அதில் கிடைக்காது. நான் சதுரத்தின் பக்கம்.

பட்டனில் சொல்ல அவ்வளவு இல்லை. ஒரு மூடி, ஓர் உடல், கீழே ஒரு சின்னச் சுவிட்ச். சன்வா பட்டன் விரல் தொட்ட மாத்திரத்தில் பிடிக்கும். அதனால் விரலைப் பட்டன்மேல் இளைப்பாற வைப்பவர்களுக்கு அது ஒத்துவராது. மெல்லிய தகட்டுப் பெட்டி என்றால் இரண்டு பக்கமும் கொக்கியால் மாட்டும் வகை, தடித்த பலகை என்றால் அடியில் நட் முறுக்கும் வகை வாங்க வேண்டும்.

இனி உப்பின் கதை. உப்புவெளியிலோ நிலாவெளியிலோ உட்துறைமுகத்தை ஒட்டியோ இருக்கும் வீடுகளில் ஜன்னல் கம்பி எப்படித் துருப்பிடிக்கிறது என்று நமக்குத் தெரியும். அலை உடையும்போது கிளம்பும் நுண்ணிய துளிகள் காய்ந்து உப்புத்துகளாகக் காற்றில் வருகின்றன. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால், சோடியம் குளோரைட்டுத் துகள் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். கச்சான் அடிக்கும் வறண்ட மாதங்களில் சும்மா தூசியாகக் கிடந்தது, வாடைக் காலம் தொடங்கி மழை பிடித்ததும் மின்னைக் கடத்தும் ஈரப் படலமாகிறது. தொடுமுனைகளின் மேல் மெல்லிய அரிப்புப் படலம் உருவாவது அப்போதுதான்.

வீட்டு மின்குமிழ் சுவிட்ச்சும் இதே காற்றில்தான் இருக்கிறது, அது ஏன் இப்படிப் படுத்துவதில்லை? அதில் 230 வோல்ற் ஓடுகிறது. ஒவ்வொரு முறை போடும்போதும் ஏற்படும் சின்னத் தீப்பொறி படலத்தை எரித்துவிடுகிறது. ஆர்கேட் பட்டனில் ஓடுவதோ நம்ப முடியாத அளவு சிறிய மின்னோட்டம். பட்டன் அழுத்தங்களைப் படித்துக் கணினிக்குச் சொல்லும் போர்டுக்கு உதாரணமாக ராஸ்பெரி பை பைக்கோவை எடுத்துக்கொள்வோம். அதன் சிப்புக்குள் இருக்கும் மின்தடை 50 முதல் 80 கிலோ ஓம், மின்னழுத்தம் 3.3 வோல்ற். வகுத்துப் பார்த்தால் பட்டன் வழியாக ஓடுவது 0.07 மில்லி அம்பியருக்கும் குறைவு. இவ்வளவு மெலிந்த ஓட்டத்தால் படலத்தை உடைக்க முடியாது. பட்டன் 'டக்' என்று சத்தம் போடும், விரல் சரியாகத்தான் அழுத்தியிருக்கும், மின் மட்டும் கடக்காது. பிறகு நாலுதரம் குத்தினால் உராய்வில் படலம் கிழிந்து திரும்ப வேலைசெய்யும். "இடைக்கிட எடுக்குது, இடைக்கிட எடுக்கேல்ல" என்பதன் பௌதிகம் இதுதான்.

ஆகவே நமது ஊரில் சுவிட்ச் வாங்கும்போது அது எத்தனை இலட்சம் அழுத்தம் தாங்கும் என்று பார்ப்பதைவிட, தொடுமுனையில் பொன்முலாம் உண்டா என்று பார்ப்பது முக்கியம். பொன் அரிக்காது. குறைந்த மின்னோட்டத்துக்கான சுவிட்ச்சுகளில் பொன்முலாம் பூசுவது இந்தக் காரணத்துக்காகத்தான். பெட்டிக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், விளையாடாத நேரத்தில் மூடி வையுங்கள். சுத்தம் செய்ய ஐசோபுரோப்பைல் அல்ககோல் போதும், நன்றாக உலர்ந்த பிறகே மின் கொடுக்க வேண்டும். துரு நீக்கும் எண்ணெய் ஸ்பிரேயைச் சுவிட்ச்சுக்குள் அடிக்கவே வேண்டாம், எண்ணெயில் தூசி ஒட்டிப் புதிய படலமாகும். கிரீஸ் வேண்டியது லீவர் சுழலும் மூட்டுக்கு மட்டும், அதுவும் பிளாஸ்ரிக்கோடு ஒத்துப்போகும் வகை.

வயர் போடுவது பயப்படும்படியான வேலை அல்ல. பட்டனுக்கு இரண்டு கால்கள். ஒன்று போர்டில் அதற்குரிய இடத்துக்கு, மற்றது எல்லாப் பட்டன்களையும் தொட்டுச் செல்லும் பொதுத் தரைவயருக்கு. போர்டு தன் காலை 3.3 வோல்ற்றில் வைத்திருக்கும். பட்டன் மூடினால் அது பூச்சியத்துக்கு விழும், அதைத்தான் அழுத்தம் என்று சிப் படிக்கிறது. பட்டன் கால்களில் எது எந்தப் பக்கம் என்ற கவலையே இல்லை. ஜேஎல்எஃப் லீவருக்கு ஐந்து வயர், நான்கு திசையும் ஒரு தரையும்.

போர்டைக் கடைசியாக மாற்றுங்கள் என்பேன். விநாடிக்கு 60 படம் ஓடும் கேமில் ஒரு படத்துக்கு 16.7 மில்லிவிநாடி. யூஎஸ்பி வழியாக நல்ல போர்டு 1 மில்லிவிநாடிக்கு ஒருமுறை செய்தி சொல்லும். சில பழைய போர்டுகள் 8 மில்லிவிநாடிக்கு ஒருமுறைதான் சொல்கின்றன. வித்தியாசம் உண்மைதான், ஆனால் ரீவியில் கேம் மோடு போடாமல் விட்டிருந்தால் அதைவிடப் பல மடங்கு தாமதம் அங்கே ஒளிந்திருக்கும். அதை முதலில் போட்டுப் பாருங்கள், செலவு எதுவும் இல்லை. அப்புறமும் போர்டு வேண்டும் என்றால், 2021இல் 4 டொலர் விலையோடு வந்த பைக்கோவும் ஜிபி2040-சிஇ என்ற திறந்தமூல மென்பொருளும் அருமையான இணை.

ஜேஎல்எஃப் லீவரைக் கழற்ற, தண்டின் அடியிலுள்ள வெட்டில் ஸ்குரூ டிரைவரை வைத்துப் பிடித்துக்கொண்டு மேலே உருண்டையை இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். ஸ்பிரிங்கையும் உருளையையும் தாங்கும் சின்ன 'ஈ' வடிவக் கிளிப் தெறித்துப் பறக்கும், ஒரு துணியால் மூடிக்கொண்டு கழற்றுங்கள். புதிய பாகங்கள் ஏறியதும் அடித்தகட்டைப் பூட்டுவதற்கு முன்னரே கணினியில் இணைத்து ஒவ்வொரு திசையும் பட்டனும் தனித்தனியாகப் பதிவாகிறதா என்று பாருங்கள். லீவரைப் பெட்டியில் கால்வட்டம் திருப்பிப் பூட்டியிருந்தால் மேல் என்பது வலமாகப் பதிவாகும், வயர்களை இடம்மாற்றினால் சரியாகிவிடும். பழைய இரும்பு ஸ்குரூக்களை மட்டும் திரும்பப் பூட்டாமல் துருப்பிடிக்காத உருக்கில் அதே அளவு வாங்கிப் போடுங்கள், அடுத்த மாரியில் திறக்கும்போது தலை தேயாமல் கழன்று வரும்.