பழம் வைத்த ஓட்ஸ் பார்: ஒரு தட்டில் என்னென்ன போகிறது

சர்க்கரை நோய்க்கு உணவு ஆலோசனை கேட்டு வருபவர்களிடம், ஒரு வாரம் சாப்பிட்டதையெல்லாம் நோட்டில் எழுதிவரச் சொல்வது என் வழக்கம். தேனி மாவட்டத்துக் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் வருபவர்களின் நோட்டில் இட்லியும் புரோட்டாவும் இருக்கும். கேரள எல்லையிலுள்ள குமுளியிலிருந்து மலையிறங்கி வருபவர்களின் நோட்டில் புட்டும் கப்பையும் மத்தியும் இருக்கும். சில ஆண்டுகளாக இரண்டு பக்கத்து நோட்டுகளிலும் ஒரே பண்டம் தலைகாட்டுகிறது: வீட்டில் சுட்ட ஓட்ஸ் பார். அடியில் ஓட்ஸ், மாவு, வெண்ணெய் பிசைந்து அழுத்திய ஓர் அடுக்கு, நடுவில் வேகவைத்த பழம், மேலே அதே மாவை உதிர்த்துத் தூவிய மொறுமொறுப்பு. நல்ல பண்டம்தான், எனக்கும் பிடிக்கும். ஆனால் அதை யாருமே இனிப்பு என்ற கட்டத்தில் எழுதுவதில்லை. காலை உணவில் எழுதுகிறார்கள். "ஓட்ஸ் கொழுப்பைக் குறைக்கும் என்று நீங்கள்தானே அக்கா சொன்னீர்கள்?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறார்கள்.

சொன்னது உண்மை. ஓட்ஸில் பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார்ச்சத்து இருக்கிறது. அது குடலில் கூழ்போல் கெட்டிப்பட்டுப் பித்த அமிலங்களைப் பிடித்துக்கொண்டு வெளியேறுகிறது. இழந்த பித்த அமிலத்தை ஈடுகட்டக் கல்லீரல் ரத்தத்திலுள்ள கொலஸ்டிராலை எடுத்துக்கொள்கிறது. கெட்ட கொழுப்பு குறைவது இந்த வழியில்தான். ஆனால் இதற்கு ஓர் அளவு உண்டு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1997-இல் இதை ஏற்றுக்கொண்டபோது நாளொன்றுக்கு 3 கிராம் பீட்டா குளுக்கன் என்று சொன்னது. அது கிடைக்க ஏறத்தாழ 75 கிராம் ஓட்ஸ் சாப்பிட வேண்டும்.

இப்போது தட்டுக்கு வருவோம். எட்டு அங்குலச் சதுரத் தட்டுக்கு இங்கே பலரும் போடும் அளவு இது: ஓட்ஸ் 150 கிராம், கோதுமை மாவு 100, வெண்ணெய் 115, நாட்டுச் சர்க்கரை 100, பன்னீர் திராட்சை 400, அந்தத் திராட்சையோடு கொதிக்கவிட இன்னும் 50 கிராம் சர்க்கரை. மொத்தம் சுமார் 2,600 கலோரி. பதினாறு துண்டு போட்டால் ஒரு துண்டில் 160 கலோரிக்குச் சற்று மேல், ஓட்ஸ் ஒன்பது கிராம், சேர்த்த சர்க்கரையும் ஒன்பது கிராம். கொலஸ்டிராலுக்காக 75 கிராம் ஓட்ஸ் வேண்டுமென்றால் பாதித் தட்டைக் காலிசெய்ய வேண்டும். அதோடு 75 கிராம் சர்க்கரையும் 57 கிராம் வெண்ணெயும் உள்ளே போய்விடும். இந்தக் கணக்கை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் காட்டினால் பெரும்பாலும் பேச்சு நின்றுவிடுகிறது. ஓட்ஸின் பலன் வேண்டுபவர்கள் அதை மோரிலோ, உப்பும் மிளகும் போட்ட கஞ்சியாகவோ குடித்துவிடலாம். மலிவும்கூட.

அடுத்து வருவது நாட்டுச் சர்க்கரை வாதம். வெள்ளைச் சர்க்கரை போடவில்லை, ஆகவே கவலையில்லை என்பார்கள். நாட்டுச் சர்க்கரையிலும் வெல்லத்திலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே பொருள். கலோரியும் ஏறத்தாழ அதேதான். அதில் இருக்கும் கொஞ்சம் தாதுச்சத்துக்காகச் சர்க்கரை நோயாளி அதைத் தேடிப்போவது வேண்டாத வேலை. தேனும் இதே கணக்கில்தான் சேரும். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இப்படிச் சேர்க்கும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 50 கிராம், 25 கிராம். காப்பி, டீயிலேயே பாதி முடிந்துவிடும் ஊர் இது. மலைக்கு அந்தப் பக்கம் நிலைமை இன்னும் மோசம்: 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) சர்க்கரை நோய் ஆய்வின்படி நாட்டுச் சராசரி 11.4 சதவீதம், கேரளத்தில் 25.5 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய்.

சுட வேண்டாம் என்று நான் யாரையும் சொல்வதில்லை. சொன்னால் கேட்கவும் மாட்டார்கள். பழத்தை மாற்றச் சொல்கிறேன். நன்றாகக் கனிந்து தோல் கறுக்கத் தொடங்கிய நேந்திரம் பழம் குமுளிப் பக்கம் எப்போதும் கிடைக்கிறது. மூன்று பழத்தை ஆவியில் வேகவைத்து, நடுவிலுள்ள கறுப்பு விதை நரம்பை நீக்கி மசித்து, இரண்டு ஏலக்காயைத் தட்டிப் போட்டால் பூரணம் தயார். ஒரு கரண்டி சர்க்கரைகூட வேண்டாம். நீரும் விடாது, அதனால் அடி மாவு நசநசக்காது. அன்னாசி என்றால் துண்டுகளை அதன் சாறு வற்றும்வரை அடுப்பில் கிளற வேண்டும், அரைத் தேக்கரண்டி சோள மாவைக் கரைத்து ஊற்றினால் பிடித்துக்கொள்ளும். கொய்யாவில் கூழை இறுகவைக்கும் பெக்டின் அதிகம், தானே இறுகிவிடும். விதையை மட்டும் வடிகட்டிவிட வேண்டும்.

பன்னீர் திராட்சைதான் தொல்லை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் ஊர்ப் பெருமை அது, ஆனால் விதையுள்ள பழம். விதைக்குப் பயந்து எல்லோரும் வேகவைத்துச் சாற்றை மட்டும் வடித்து, சர்க்கரை போட்டுக் கெட்டியாகக் காய்ச்சுகிறார்கள். அப்படி வடிக்கும்போது தோலின் நார்ச்சத்து குப்பைக்குப் போகிறது, மிஞ்சுவது ஜாம். இரண்டாக அரிந்து கத்தி முனையால் விதையைத் தள்ளிவிட்டுத் தோலோடு வேகவையுங்கள். நேரம் பிடிக்கும் வேலை, வீட்டில் சும்மா இருப்பவர் கையில் ஒரு கத்தியைக் கொடுத்துவிடலாம். எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டால் நிறமும் நிற்கும், பூரணமும் இறுகும்.

மாவுப் பகுதியில் நாட்டுச் சர்க்கரையை 100-இலிருந்து 50 கிராமாகக் குறைத்தால் ருசி கெடுவதில்லை. வெண்ணெயை அவ்வளவு தாராளமாகக் குறைக்க முடியாது. 100 கிராமுக்குக் கீழே போனால் மாவு ஒட்டாமல் மணலாகிவிடும். வெண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குதான் கொழுப்பு என்பதால், 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் கடலை எண்ணெய் ஈடாகும். மொறுமொறுப்பு கொஞ்சம் குறையும், கெட்ட கொழுப்பை ஏற்றும் நிறைகொழுப்பு நிறையவே குறையும். தேங்காய் எண்ணெய் நல்லதுதானே என்று மலைக்கு மேலிருந்து வரும் சேச்சிமார் கேட்பார்கள். அதில் பத்தில் ஒன்பது பங்கு நிறைகொழுப்பு, வெண்ணெயைவிட அதிகம். டால்டாவைத் தொடவே வேண்டாம். ஓட்ஸ், தட்டையாக உருட்டிய பெரிய இதழாக இருக்கட்டும். உடனடி ஓட்ஸ் பொடிந்து களியாகிவிடும். மாவில் மூன்றில் இரண்டு பங்கை அடியில் அழுத்தி, பூரணத்தைப் பரப்பி, மீதியை மேலே உதிர்த்து, முன்பே சூடாக்கிய ஓவனில் 180 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம். குக்கரில் உப்பைப் பரப்பிச் சுடுபவர்களும் உண்டு, அடி சிவந்துவிடும், மேற்புறம் வெளிறியே இருக்கும். எதில் சுட்டாலும் முழுக்க ஆறிய பிறகு வெட்டுங்கள். சூட்டில் வெட்டினால் உதிர்ந்துபோவதும், உதிர்ந்ததை நின்றபடியே அள்ளித் தின்பதும் எல்லா வீட்டிலும் நடக்கிறது. அந்தத் தூள் யார் நோட்டிலும் ஏறுவதில்லை.

நேந்திரம் வைத்த இந்தத் தட்டின் கணக்கையும் மறைக்காமல் சொல்கிறேன். ஒரு துண்டு சுமார் 140 கலோரி, முன்பைவிட இருபதுதான் குறைவு. சேர்த்த சர்க்கரை மட்டும் ஒன்பதிலிருந்து மூன்று கிராமாக இறங்கியிருக்கிறது. ஆகவே இதுவும் இனிப்புதான். தட்டைப் பதினாறாக வெட்டுங்கள், ஒன்பதாக வெட்டாதீர்கள். மாலை டீக்கு வடையோ பிஸ்கட்டோ சாப்பிடும் இடத்தில் ஒரு துண்டு. வடையும் சாப்பிட்டு இதையும் சாப்பிட்டால் நான் இவ்வளவு எழுதியதற்குப் பயனில்லை.

விடிவதற்குள் கம்பத்திலிருந்து ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, இடுக்கி ஏலத்தோட்டங்களில் நாள் முழுதும் சரிவில் குனிந்து நிமிர்ந்து வேலை பார்க்கும் பெண்களுக்கு இதே துண்டு நல்ல ஊட்டம். சர்க்கரை நோய் இல்லாதவர்கள் தூக்குவாளியோடு இரண்டு எடுத்துப் போனாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், பத்து மணிப் பசிக்கு வெறும் டீயைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் அவர்கள் வீட்டில் ஓவன் கிடையாது. ஓவன் இருப்பது, கல்லாவில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்துவிட்டு வண்டியில் வீடு திரும்புபவரின் வீட்டில்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மேலே சொன்ன நேந்திரம் யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, அதில் பொட்டாசியம் அதிகம். மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். கோதுமை ஒவ்வாத சீலியாக் நோயாளிகளுக்குக் கடை ஓட்ஸும் ஆகாது, ஆலையிலேயே கோதுமை கலந்துவிட வாய்ப்புண்டு. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கலந்த எதையும், சுட்டதாக இருந்தாலும், கொடுக்க வேண்டாம்.

இனி, சுட்டு விற்பவர்களுக்கு. வெல்லம் போட்டதைச் சர்க்கரை இல்லாதது என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் செய்கிறார்கள். அதை நம்பித் தின்றுவிட்டு ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு வருபவர்களை நான்தான் பார்க்கிறேன். வீட்டிலிருந்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்தாக வேண்டும். என்னென்ன சேர்த்திருக்கிறது என்று எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுதி ஒட்டுங்கள், வெல்லம் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்று வாங்குபவர் பார்த்துக்கொள்ளட்டும். சுட்ட தேதியையும் எழுதுங்கள். நடுவில் இருப்பது ஈரப் பழம். குமுளி மழைக்காலத்தில் வெளியே வைத்தால் சீக்கிரம் பூசணம் பிடித்துவிடும். மூடிய டப்பாவில், குளிர்சாதனப் பெட்டியில், நான்கு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம்.