இன்ஜினுக்கு ஒரு சும்மாடு

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கென்று தமிழாக்கிய ஒரு குறிப்பில் "தேய்ந்த இயந்திர மலைகளை உடனே மாற்றவும்" என்று படித்தேன். முதல் தடவை சிரித்துவிட்டு விட்டேன். அப்புறம் அதே மலை ஒரு காணொளியில் வந்தது, ஓர் உதிரிபாகப் பட்டியலிலும் வந்தது. நான் ராமநாதபுரம் கடற்கரைக்காரன். ராமேஸ்வரத்தில் கந்தமாதன பர்வதம் என்று பெயர் வாங்கியதே ஒரு சின்ன மேடுதான். எங்களிடம் போய் காருக்குள் மலை இருக்கிறது, அதுவும் தேய்ந்திருக்கிறது என்றால்?

அவர்கள் சொல்லவந்தது 'இன்ஜின் மவுண்ட்'; மவுண்டிங் என்றும் சொல்வோம், இன்ஜினை வண்டியின் உடம்போடு பொருத்தும் பாகம். சொல்லின் கதை சுருக்கமானது. லத்தீனில் மோன்ஸ் என்றால் மலை. அதிலிருந்து மலையேறு, பிறகு ஏறு, ஏற்று, ஒன்றின்மேல் பொருத்து என்று பொருள் விரிந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'மவுண்ட்' ஆனது. சென்னை மவுண்ட் ரோட்டின் மவுண்ட், பரங்கிமலை. காரில் இருப்பது 'பொருத்து' என்ற கிளை. மலையைப் போட்டவர் அகராதியில் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். அவரோடு எனக்குச் சண்டை இல்லை.

சண்டை 'பொறித்தாங்கி'யோடு. எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், நல்ல மனிதர், மவுண்டிங்குக்கு இந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு திரிகிறார். முதல் பாதியிலேயே எனக்கு இடிக்கிறது. எலிப்பொறி, தீப்பொறி, ஐம்பொறி என்று ஏற்கெனவே ஆயிரம் வேலை பார்க்கும் சொல் அது. பொறியியல் என்று சேர்த்துச் சொன்னால் புரியும்; தனியாக நின்று இன்ஜினைக் குறிக்கும் என்று எதிர்பார்ப்பது பாவம். சரி, அதையும் விடுங்கள். 'தாங்கி'தான் பெரிய சிக்கல். சுழலும் தண்டைப் பிடித்து நிற்கும் பேரிங்குக்குப் பாடப்புத்தகத் தமிழ் தாங்கி என்று முன்பே கொடுத்துவிட்டது. இன்ஜினுக்குள்ளேயே பேரிங் இருக்கிறது. தாங்கி போய்விட்டது என்று ஒருவர் சொன்னால் மூன்று போல்ட் கழற்றும் வேலையா, இன்ஜினையே பிரிக்கும் வேலையா? செலவு எங்கேயோ போய்விடும்.

அதைவிட முக்கியமானது, தாங்கி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சுமைதாங்கி. பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக வழியோரத்தில் நட்டு வைப்பார்களே, அந்தக் கல். ஆடாது, அசையாது, எடையை மட்டும் வாங்கிக்கொள்ளும். மவுண்டிங்குக்கு வேலை இரண்டு. இன்ஜின், கியர்பாக்ஸ் எடையைச் சுமக்க வேண்டும். அவற்றின் அதிர்வு வண்டியின் உடம்புக்கு ஏறாமல் விழுங்கவும் வேண்டும். அதற்காகத்தான் இரும்புத் தகடுகளுக்கு நடுவே ரப்பரை ஒட்டிச் செய்கிறார்கள். சுமைதாங்கிக் கல்மேல் இன்ஜினை உட்கார வைத்தால் ஸ்டியரிங் பிடித்த கை மரத்துப்போகும். பாதி வேலையைச் சொல்லி மீதியை மறைக்கிற பெயர் எனக்கு வேண்டாம். ('இயந்திர ஏற்றம்' என்றும் ஒன்று உலவுகிறது. ஏற்றம் கிணற்றில் நீர் இறைக்க.)

எனக்குச் சொல் கிடைத்தது கீழக்கரைப் பட்டறையில். என்னுடையது பழைய மாருதி 800. 2014இல் உற்பத்தி நின்றுபோன வண்டி. மூன்று சிலிண்டர் இன்ஜின், புதிதிலேயே கொஞ்சம் நடுங்கும். இப்போது நின்ற இடத்தில் ஓடும்போது கண்ணாடி வரை உதறல், கிளட்ச்சை விட்டால் 'டொக்' என்று ஓர் அடி. பட்டறை மெக்கானிக் காக்கா (அண்ணனை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) பானட்டைத் திறந்துவிட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கையும் மிதித்துக்கொண்டு முதல் கியரிலும் ரிவர்ஸிலும் கிளட்ச்சை லேசாக விடச் சொன்னார். அவர் முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று பார்த்தார். இன்ஜின் எழும்பி எழும்பி உட்கார்ந்தது. டார்ச் அடித்தால் ரப்பர் வெடித்து, தகட்டை விட்டு உரிந்து கிடந்தது. ஆயில் கசிந்த பக்கத்தில் ஊறிக் கொழகொழத்திருந்தது. ஒன்றை மட்டும் மாற்றினால் மற்ற நைந்ததெல்லாம் புதியதையும் சீக்கிரம் கொன்றுவிடும் என்று மூன்றையும் மாற்றினார்.

உப்புக்காற்று போல்ட்டையெல்லாம் துருவால் பூட்டியிருந்ததால் முதல் நாளே எண்ணெய் விட்டு ஊற வைத்தார். இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்புக்கு அடியில் மரக்கட்டை வைத்து, அதன்மேல்தான் ஜாக்கி. வெறும் ஜாக்கி பட்டால் சம்ப் நசுங்கும். ஹோஸ் இழுபடாத அளவுக்கு மட்டும் தூக்கி, ஒவ்வொன்றாகக் கழற்றினார். புதியதைப் போட்டதும் இறுக்கவில்லை. இன்ஜின் எடை முழுதாக அதன்மேல் உட்கார்ந்த பிறகுதான் கடைசி முறுக்கு.

கழற்றிய பழசை என் கையில் போட்டு, "சும்மாடு நைஞ்சு போச்சு தம்பி, தலை வலிக்காம என்ன செய்யும்?" என்றார்.

அதுதான். மீன்கூடை தூக்குகிற பெண்கள் துணியைச் சுருட்டித் தலையில் வைக்கிறார்களே, அதே காரியம். சுமைக்கும் தலைக்கும் நடுவில் இருக்கும், எடையை வாங்கும், உறுத்தலை விழுங்கும், நைந்தால் மாற்ற வேண்டும். மவுண்டிங்கின் முழு வேலையும் ஒரே சொல்லில்.

ஆசிரியரிடம் சொன்னேன். கொச்சை என்றார். சுமையடை என்பது மருவியது ஐயா, சுமைக்கு அடை என்றேன். "அப்படியானால் பொறிச்சுமையடை என்று வையுங்கள்" என்றார். இந்த ஆசைதான் நம் மொழிபெயர்ப்பாளர்களைக் கெடுக்கிறது. வாயில் இருக்கிற சொல்லை நிலைக்கண்ணாடி முன் நிறுத்தி வேட்டி கட்டிவிட வேண்டும். விசைப்படகு என்ற சொல் பாம்பனிலும் மண்டபத்திலும் எப்படி ஒட்டிக்கொண்டது? கேட்டவுடன் பொருள் தெரிகிறது, வலை இழுக்கிறவர் வாயில் நுழைகிறது. இன்ஜின் என்பதையும் அப்படியே விட்டுவிடலாம். அது ஊரோடு கலந்து எத்தனையோ காலம் ஆகிறது. இன்ஜின் சும்மாடு போதும்.

என் வண்டிக் கணக்கு நோட்டில் 'சும்மாடு மூன்று' என்றுதான் எழுதியிருக்கிறேன். உதிரிபாகக் கடையில் மட்டும் மவுண்டிங் என்று கேட்கிறேன். இல்லாவிட்டால் கடைக்காரர் தோளில் கிடக்கும் துண்டைச் சுருட்டிக் கொடுத்துவிடுவார்.