பல்துறை வேறு, துறையிடை வேறு

‘இன்டர்டிசிப்பிளினரி’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கொழும்பில் அச்சாகும் மும்மொழி அழைப்பிதழ்களிலும் ஆய்வு நிதிக்கான விண்ணப்பப் படிவங்களிலும் ‘பல்துறை’ என்றே போட்டுவிடுகிறார்கள். அண்மையில் கைக்கு வந்த ஆய்வரங்கு அழைப்பிதழ் ஒன்றில் முதற்பக்கத்தில் ‘பல்துறை’, உள்ளே ‘இடைத்துறை’. ஆங்கிலப் பக்கத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல்தான். இரண்டு தமிழாக்கமும் பிழை, ‘துறையிடை’ என்பதே சரி என்பது என் முடிவு.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘டிசிப்பிளினா’ என்ற இலத்தீன் சொல் மாணவன் பெறும் போதனையைக் குறித்தது. கற்கைத் துறை, ஒழுங்கு என்ற இரு பொருளும் அதிலிருந்து கிளைத்தன. ‘இன்டர்’ என்றால் இடையே. இரண்டும் சேர்ந்த சொல் 20ஆம் நூற்றாண்டில் வழக்குக்கு வந்தது. 1970இல் பிரான்சின் நீஸ் நகரில் கூடிய கருத்தரங்கில் ‘மல்டி’ (பல), ‘இன்டர்’, ‘டிரான்ஸ்’ (கடந்த) என்னும் மூன்று முன்னொட்டுகளையும் வேறு வேறாகப் பிரித்து விவாதித்தார்கள். சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே அதில் பங்கெடுத்தவர்.

தமிழில் ‘துறை’ முதலில் நீர்க்கரையில் இறங்கும் இடம். காங்கேசன்துறையும் பருத்தித்துறையும் அந்தப் பொருளை இன்றும் சுமக்கின்றன. அகம், புறம் பாடிய புலவர்கள் திணையின் உட்பிரிவுக்கும் அதே சொல்லை வைத்தார்கள். அறிவின் பிரிவுக்கு அது பொருந்தியது இயல்பே.

இனி வேறுபாட்டுக்கு வருவோம். இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் 1990களில் கவனத்துக்கு வந்த, காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோயை எடுத்துக்கொள்ளுங்கள். கிணற்று நீரின் வன்மை, புளோரைட்டு, விவசாய இரசாயனங்கள், வெயிலில் உழைப்போரின் நீரிழப்பு என்று பல காரணங்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. இதுதான் என்று ஒன்றை இன்னும் நிறுவ முடியவில்லை. மருத்துவர் ஓர் அறிக்கை, இரசாயனவியலாளர் ஓர் அறிக்கை, மண்ணியலாளர் ஓர் அறிக்கை என எழுதி ஒரே அட்டைக்குள் கட்டினால் அது பல்துறை ஆய்வு. எந்த வீட்டாரின் குருதியைச் சோதித்தார்களோ அதே வீட்டுக் கிணற்று நீரையும் எடுத்து, கேள்வியையே மூவரும் கூடி வகுத்து, ஒருவர் முறையை மற்றவர் திருத்தி ஒரே விடையைத் தேடினால் அது துறையிடை ஆய்வு. அங்குள்ள விவசாயிகளும் கேள்வியை வகுப்பதில் பங்கெடுத்தால் துறைகடந்த ஆய்வு.

1944இல் தொடங்கிய இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் மருத்துவம், விவசாயம், பொறியியல், சமூக விஞ்ஞானம் என்று பிரிவு பிரிவாக இயங்குகிறது. பிரதேச அளவில் யாழ்ப்பாண விஞ்ஞானச் சங்கமும் பிரிவுகள் கொண்டதே. எல்லாப் பிரிவினரும் ஒரே மண்டபத்தில் கூடினால் அது பல்துறைக் கூட்டம், மிக நல்லது. ஆனால் இரண்டு பிரிவினர் சேர்ந்து ஒரே ஆய்வைச் செய்வதற்கும் அதே பெயரைச் சூட்டினால், நிதி கேட்பவர் நான்கு கட்டுரைகளைத் தைத்துக் கொடுத்துவிட்டு, நிபந்தனை நிறைவேறியது என்பார். அவரை எப்படிக் கேட்பது?

‘இடைத்துறை’ என்போர் ஆங்கிலத்தில் ‘இன்டர்’ முன்னால் நிற்பதால் தமிழிலும் முன்னால் நிற்க வேண்டும் என்று எண்ணுகிறார்கள். இடைக்காலம், இடைத்தேர்தல், இடைவேளை, இடைச்செருகல் ஆகியவற்றைப் பாருங்கள். ‘இடை’ முன்னால் வந்தால் நடுவில் வருவது என்றே பொருள்படும். அப்படியானால் இடைத்துறை என்பது இரண்டு துறைக்கு நடுவே கிடக்கும் மூன்றாவது துறை. பின்னால் வரும் ‘இடை’யோ ஏழாம் வேற்றுமைப் பொருளைத் தருவது, நன்னூல் அதை உருபுகளின் வரிசையிலேயே வைக்கிறது. பத்திரிகைகளும் இதை அறியும். ‘பாடசாலைகளுக்கிடையிலான போட்டி’, ‘மாகாணங்களுக்கிடையிலான பஸ் சேவை’ என்றுதான் எழுதுகின்றன. ‘இடைப்பாடசாலைப் போட்டி’ என்று எந்த விளையாட்டுச் செய்தியாளரும் எழுதியதை நான் கண்டதில்லை. விளையாட்டுப் பக்கத்துக்குத் தெரிந்த தமிழ் ஆய்வரங்குக்குத் தெரியாமல் போனது வருத்தம் தருகிறது.

‘இன்டர்நேஷனல்’ என்பதைத் தமிழகத்தில் ‘பன்னாட்டு’ என்று எழுதவில்லையா என்று கேட்பவர்களும் உண்டு. எழுதுகிறார்கள். அதனால் பல நாடுகளில் கிளை விரித்த கம்பனியும் அங்கே ‘பன்னாட்டு நிறுவனம்’, நாடுகளுக்கிடையிலான உடன்படிக்கையும் ‘பன்னாட்டு உடன்படிக்கை’. இலங்கையில் நாம் ‘சர்வதேச உடன்படிக்கை’, ‘பல்தேசியக் கம்பனி’ என்று பிரித்து வைத்திருக்கிறோம். ‘சர்வதேச’ வடசொல் என்று முகம் சுளிப்போருக்குச் சொல்கிறேன்: இரண்டு பொருளை ஒன்றாகக் குழப்பும் தூய சொல்லைவிட, பிரித்துக் காட்டும் கலந்த சொல் எனக்கு மேல். துறையிடையில் அந்த இக்கட்டும் இல்லை. இரு பாதியும் தமிழே.

மொழிபெயர்ப்பாளர்கள் மீது எனக்குள்ள குறை வேறு. பக்கக் கணக்குக்கு வேலை, நாளை காலைக்குள் வேண்டும் என்ற அவசரம்: தெரியும். ஆனாலும் அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்துவிட்டு, ஆய்வாளரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அச்சுக்கு அனுப்புவது சரியல்ல. ஆய்வாளர்களோ தங்கள் அழைப்பிதழின் தமிழ்ப் பக்கத்தைப் படிப்பதே இல்லை. பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்ததோடு சரி.

விரித்து எழுத இடமிருந்தால் ‘துறைகளுக்கிடையிலான ஆய்வு’ என்பதே மிகத் தெளிவு. தலைப்புக்கும் படிவத்துக்கும் ‘துறையிடை’ போதும். துறையிடைக் குழு, துறையிடைக் கற்கைநெறி, துறையிடைச் சிந்தனை என்று வல்லினம் மிக வேண்டும். ‘துறையிடை ஆய்வு’ என்பதைத் ‘துறையிடையாய்வு’ என்று சேர்த்தும் எழுதலாம்.