சினை ஊசி, சினைப்பருவ ஊசி: சொல் விளக்கம்

சென்னையில் மாதவரம், புழல் பக்கம் மாடு வைத்திருப்பவர்கள் 'சினை ஊசி' என்றால் அது செயற்கைக் கருவூட்டல், அதாவது விந்து செலுத்துவது. பன்றி வளர்ப்பில் ஹார்மோன் மருந்தையும் இதே பெயரில் கேட்பதால் குழப்பம் வருகிறது. ஹார்மோன் ஊசி சினையாக்காது. பருவத்துக்கு வரவைக்கும், அவ்வளவுதான். போட்டுவிட்டு ஆண் பன்றியைச் சேர்க்காமல் காத்திருந்தால் குட்டி எங்கிருந்து வரும்? ஆகவே 'சினைப்பருவ ஊசி' என்பதே சரி.

சினை பழைய சொல். இலக்கணத்தில் உறுப்பு, காசிமேட்டில் மீன் முட்டை, தொழுவத்தில் கரு. முட்டை உருவாகும் உறுப்பு சினைப்பை. இந்த ஊசி வேலை செய்வதும் அங்கேதான்.

'ஹார்மோன்', தூண்டி எழுப்புதலைக் குறிக்கும் கிரேக்க வினையிலிருந்து வந்தது. 1905இல் எர்னஸ்ட் ஸ்டார்லிங் இச்சொல்லைப் பயன்படுத்தினார். தமிழில் 'இயக்குநீர்' பொருத்தம். 'சுரப்புநீர்' வேண்டாம், எச்சிலும் சுரப்புநீர்தானே. ஈழத்தில் 'ஓமோன்' என்றே எழுதுவார்கள்.

பன்றிக்கென வரும் கலவை மருந்தில் ஒரு தவணைக்கு 400 அலகு, சினைக்குதிரையின் ஊநீரில் (இரத்தத்தின் தெளிநீரில்) கிடைக்கும் இயக்குநீர். 200 அலகு, கர்ப்பிணிப் பெண்ணின் சிறுநீரில் கிடைப்பது. முன்னது சினைப்பைக்குள் முட்டை வளரும் சிறு பைகளை வளர்க்கும், பின்னது முட்டையை வெளியேற்றும். பொடியை அதற்கான நீர்மத்தில் கரைத்ததும், காதுக்குப் பின்னே கழுத்துத் தசையில் போட வேண்டும். பெரிய பன்றிக்கு ஒன்றரை அங்குல ஊசி தேவை. குட்டை ஊசி கொழுப்போடு நின்றுவிடும், மருந்து சரியாக ஏறாது.

குட்டி பிரித்த தாய், ஊசியே இல்லாமல் 4 முதல் 7 நாளில் பருவத்துக்கு வர வேண்டும். முதல் ஈற்றுப் பன்றியும், சித்திரை வெயிலில் குட்டி பிரித்ததும்தான் தள்ளிப்போகும். அவற்றுக்குக் குட்டி பிரித்த அன்றே போடலாம். ஓட்டல் கழிவை மட்டும் தின்று எலும்பு தெரிய நிற்கும் தாய்க்கு முதலில் தீனி, அப்புறம்தான் ஊசி. பருவமடையாத இளம் பெண்பன்றிக்கும் இது பயன்படும். ஏற்கெனவே பருவச் சுழற்சி தொடங்கியிருந்தால் வீண். சினைப்பையில் நீர்க்கட்டிகூட வரலாம். இன்னொரு சிக்கல்: முட்டை வெளியேறினாலும் சில பன்றிகள் அறிகுறி காட்டாது. தினம் இரண்டு வேளை ஆண் பன்றியை முகத்துக்கெதிரே நிறுத்தி முதுகை அழுத்திப் பாருங்கள். அசையாமல் நின்றால் பருவம்.

பல பன்றிகளை ஒரே வாரத்தில் பருவத்துக்குக் கொண்டுவர ஆல்ட்ரெனோஜெஸ்ட் உண்டு. கொடுக்கும்வரை பருவத்தை நிறுத்திவைக்கும் இயக்குநீர் மருந்து அது. சுழற்சி தொடங்கிய இளம்பன்றிக்குத் தினம் 20 மில்லிகிராம், தீனியின் மேல், 18 நாள் வரை. அளவு குறைந்தாலும் ஒரு நாள் விட்டாலும் நீர்க்கட்டிதான். தோல் வழியே உடம்பில் ஏறும் மருந்து இது; கையுறை கட்டாயம், கர்ப்பிணிகள் தொடவே கூடாது.

மாட்டுப் பழக்கத்தில் புரோஸ்டாகிளாண்டினைப் பன்றிக்கு ஏற்றுவதும் நடக்கிறது. முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் மஞ்சள் உடலத்தைக் கரைத்து அடுத்த பருவத்தை வரவைக்கும் மருந்து அது. மாட்டில் பருவம் முடிந்து ஐந்தாறு நாளிலேயே அது வேலை செய்யும். பன்றியின் 21 நாள் சுழற்சியில் ஏறக்குறைய 12ஆம் நாள் வரை மஞ்சள் உடலம் அதற்கு மசியாது.